ஏழாம் மேசைக்குப் பின்னாலிருந்த கோட்டை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பஞ்சி, அதாவது சோம்பல். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மேசை எண்ணும், அதற்கு நேரே என்ன சாப்பாடு என்பதும்தான். பிரான்சுக்கு வந்தபோது அகதி விண்ணப்பத்துக்கு என் வாழ்க்கைக் கதையைக்கூட வேறொருவர்தான் எழுதித் தந்தார். நன்றாகவே எழுதியிருந்தார். வாசித்தபோது எனக்கே என்மேல் இரக்கம் வந்தது.

ஆனால் எங்கள் உணவகத்துக் குசினியில் சமைக்கிற நண்பன் ஒருநாள் சொன்னான்: "மச்சான், நீ சொல்லச் சொல்ல அந்தக் கோட்டை உயர்ந்துகொண்டே போகுது. இன்னும் ரெண்டு தரம் சொன்னியெண்டா பிளேனுக்கு இடைஞ்சல். எழுதி வை. எழுதினா அந்த உயரத்திலயே நிக்கும்."

ஆகவே எழுதுகிறேன். உயரத்துக்கு உத்தரவாதம் இல்லை.

எங்கள் உணவகம் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், மெத்ரோ ரயில் தலைக்கு மேலால் போகிற பாலத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. பெயர் கும்பல்கர். ராஜஸ்தானில் ஒரு மலைமேல் இருக்கிற ராஜபுத்திரக் கோட்டையின் பெயர் அது. வைத்தவர் முந்தைய உரிமையாளர், ஒரு வட இந்தியர். அவர் கடையை விற்றுவிட்டுப் போனபோது பெயர்ப்பலகையைக் கழற்றவில்லை. எங்கள் பத்றோன், அதாவது முதலாளி, பருத்தித்துறைக்காரர். முகத்துக்கு நேரே அவரை அண்ணை என்போம். பலகையை மாற்ற நகரசபைக்கு நிரப்ப வேண்டிய படிவங்களை அவர் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "கோட்டை நல்லாத்தானே கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் படிவங்களைக் குப்பையில் போட்டார்.

சமைக்கிற நண்பன் மட்டக்களப்பு. பரிமாறுகிற நான் முல்லைத்தீவு. எங்கள் மூவரில் வடக்கே அதிக தூரம் போனவர் பத்றோன்தான். பிரான்சின் வட எல்லையிலிருக்கிற லில் வரை போயிருக்கிறார், ஒரு கலியாணத்துக்கு. வெளியே பிரெஞ்சுக்காரருக்குச் சீஸ் வைத்த நான் ரொட்டி, பாலக் பனீர். உள்ளே எங்களுக்குப் புட்டு.

ஏழாம் மேசைக்குப் பின்னாலிருந்த சுவரில் ஈரம் ஊறியது. மூன்று தரம் பெயின்ட் அடித்தோம். மூன்று தரமும் ஈரம் திரும்பி வந்தது. மறைப்பதற்கு ஒரு பெரிய படம் போடலாம் என்று பத்றோன் அடுத்த தெருவிலிருந்த அச்சுக்கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரர் அதிகமாகச் சாமத்தியவீடுகளுக்குப் பனர் அடிப்பவர். பிள்ளை பெரியவளானால் மண்டபம் எடுத்து, பின்னால் ஓர் அரண்மனையையோ கோட்டையையோ தொங்கவிட்டு, முன்னால் பிள்ளையை நிறுத்திப் படமெடுப்பது எங்கள் ஆட்களிடம் வழக்கம். சார்செல் அடுக்குமாடியில் பதினோராம் தளத்தில் வளர்ந்த பிள்ளை, அந்த ஒருநாள் கோட்டையில் குடியிருக்கும்.

பத்றோன், "கும்பல்கர் கோட்டை கிடக்கோ?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் கணினியிலிருந்து தலையை எடுக்காமலே, "எல்லாக் கோட்டையும் கிடக்கு அண்ணை, நீங்கள் சைசைச் சொல்லுங்கோ" என்றாராம்.

அவர் ஓல்னே-சூ-புவாவில் நடந்த ஒரு சாமத்தியவீட்டின் படத்தை எடுத்து, பிள்ளையை அழித்துவிட்டு, கோட்டையை மட்டும் அடித்துத் தந்தார். மலை, மதில், வரிசையாகச் சன்னல்கள், கீழே ஏரி, ஏரியில் இரண்டு அன்னம். பிள்ளையை முழுக்க அழித்தவர் வலது பாதத்தை மறந்துவிட்டார். படத்தின் கீழ் மூலையில், ஏரிக்கரையில், மருதாணி வைத்துக் கொலுசு போட்ட ஒரு பாதம் தனியே நின்றது.

பத்றோன் நெடுநேரம் பார்த்தார். "ஏழாம் மேசையைக் கொஞ்சம் உங்காலை தள்ளு, மறையும்" என்றார். தள்ளினோம். கொலுசு மறைந்தது. விரல்கள் ஐந்தும் மறையவில்லை.

பொய் சொல்ல வேண்டுமென்று நான் தொடங்கவில்லை. முல்லைத்தீவு என்று சொன்னால் அது எங்கே என்று கேட்பார்கள். இலங்கை என்றால் முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டு சண்டையைப் பற்றி விசாரிப்பார்கள். நான் அவர்களை ஆறுதல்படுத்த வேண்டியிருக்கும். அதற்குள் நான் ரொட்டி ஆறிவிடும். ஒருநாள் ஒருவர் சுவரைக் காட்டி, "நீங்கள் அங்கேயிருந்தா வந்தீர்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்களில் மிகவும் சின்னது 'வுய்', அதாவது ஆம். அதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. இரண்டாவது நான் ரொட்டியும் கேட்டார்.

அதற்குப் பிறகு மேசைக்கு மேசை கோட்டை வளர்ந்தது. நான் மதில் காவல்காரரின் பரம்பரையில் வந்தவன். இடமிருந்து மூன்றாவது சன்னல் எங்களுடையது. அம்மா இன்றைக்கும் மாலையானால் அந்தச் சன்னலில் விளக்கு வைக்கிறா. பாதத்தைப் பற்றிப் பெரியவர்கள் கேட்டால், அரசி குளிக்க இறங்கிய இடத்தில் கல்லில் செதுக்கியது. சின்னப்பிள்ளைகள் கேட்டால், "அரசியைக் கொஞ்சம் கொஞ்சமாக வரைகிறோம். அடுத்தமுறை வாருங்கள், முழங்கால் வரை வந்திருப்பா."

செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் ஒரு பிரெஞ்சு அம்மா வருவார். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எப்போதும் செம்மஞ்சள் சால்வை, எப்போதும் ஏழாம் மேசை, எப்போதும் உறைப்பில்லாத பாலக் பனீரும் ஒரு கிண்ணம் ரைத்தா என்கிற தயிர்ப்பச்சடியும். நான் சொல்வதையெல்லாம் கேட்பார். தலையாட்டுவார். ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். கேள்வி கேட்காத ஆள் எவ்வளவு ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது.

இலையுதிர்காலத்தில் ஒரு செவ்வாய், அவர் பத்றோனிடம் போய்ப் பேசினார். அவர் ஓய்வுபெற்றவர்களின் சுற்றுலாக் குழு ஒன்றை நடத்துகிறாராம். நாற்பது பேர் ராஜஸ்தானுக்குப் போகப்போகிறார்கள். கும்பல்கருக்கும் போவார்கள். போவதற்கு முன் ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லோரும் இங்கே சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு "உங்கள் கும்பல்கர் இளைஞன்" கோட்டையின் வரலாற்றைப் பத்து நிமிடம் சொல்ல வேண்டும்.

பத்றோன் என்னைக் கள்ளுப்பெட்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். கள்ளுப்பெட்டி என்று நாங்கள் சொல்வது வைன் அடுக்கியிருக்கிற அலுமாரியை.

"ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிசம் கோட்டையைப் பற்றிக் கதைக்கோணும்."

"என்னத்தையண்ணை கதைக்கிறது?"

"இவ்வளவு நாளும் கதைச்சதைத்தான்."

"அது முழுக்கப் பொய்யண்ணை."

"அது எனக்குத் தெரியாதே? உந்தச் சனம் புத்தகம் வாசிக்கிற சனம். இடைக்கிடை உண்மையும் போடு."

என்னிடம் இருந்தது ஒரு வருட விசா. அடுத்த மாதம் அதைப் புதுப்பிக்கப் பிரிபெக்சர் அலுவலகத்தில் நாள் தந்திருந்தார்கள். போகும்போது நிரந்தர வேலை ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். இங்கே அதைச் சேடேஈ என்போம். எனக்கு இருந்தது ஆறு மாத ஒப்பந்தம். அது அந்த மாதக் கடைசியில் முடிகிறது. சேடேஈ கேட்கும்போதெல்லாம் பத்றோன் "பாப்பம்" என்பார். பார்த்ததில்லை. நான் விடவில்லை.

"அப்ப அண்ணை, ஞாயிறு நல்லா நடந்தா?"

"நடந்தா அந்தச் சனம் திரும்பத் திரும்ப வரும். வந்தா உனக்குச் சேடேஈ. பிழைச்சுதெண்டா என்னட்டைக் கேளாதை. அண்ணன்ரை மகன் பியர்ஃபித்திலை வேலையில்லாமல் நிக்கிறான். சொந்தப் பெறாமகனை றோட்டிலை விட்டிட்டு உன்னை வைச்சிருந்தா அண்ணன் என்ரை செத்தவீட்டுக்கும் வரமாட்டார்."

இவ்வளவுதான் விஷயம். ஐந்நூறு வருடத்துக்கு மேல் பழசான ஒரு கோட்டை, என் விசாவைக் காப்பாற்ற வேண்டும்.

நான் குடியிருக்கிற சார்செலிலிருந்து வருகிற ரயிலில் போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். ஹிந்திக்காரர் பேச, கீழே எழுத்து பிரெஞ்சில் தாறுமாறாக ஓடும். கிடைத்ததைக் குசினியில் நண்பனுக்கு ஒப்புவிப்பேன். அவன் வெங்காயம் உரித்துக்கொண்டே கேள்வி கேட்பான். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு வாத்தியார் இருந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குப் போயிருப்பேன் என்று சொல்லமாட்டேன். ஒன்பதாம் வகுப்பையும் முன்னமே விட்டிருப்பேன்.

"மேவார் நாட்டு அரசன் கட்டினது. ஆரவல்லி மலையிலை. மதில் மட்டும் முப்பத்தாறு கிலோமீற்றர் எண்டு சொல்லீனம்."

"இஞ்ச எண்டா எவ்வளவு தூரம்?"

"சார்செலுக்குப் போய் வந்து, பிறகும் சென்-துனி வரைக்கும் போகலாம். மதிலுக்கு மேலை எட்டுக் குதிரை பக்கத்திலை பக்கத்திலை ஓடலாமாம்."

"ஒண்டுக்குப் பின்னால ஒண்டு ஓடினா என்னவாம்?"

அதற்கு வீடியோவில் பதில் இல்லை.

கட்டும்போது பகலில் எழுப்பிய மதில் இரவில் விழுந்ததாம். எத்தனை தரம் கட்டினாலும் விழுந்ததாம். ஒருவர் தானாக விரும்பி உயிரைக் கொடுத்தால்தான் நிற்கும் என்றிருக்கிறார்கள். ஒரு துறவி, 'நான் தருகிறேன்' என்று மலையேறினாராம். வெட்டிய தலை விழுந்த இடத்தில் ஒரு கோயில் இருக்கிறது. தலையில்லாமல் நடந்த உடல் விழுந்த இடம்வரை மதில் போகிறது.

நண்பன் கத்தியை வைத்துவிட்டு யோசித்தான். "எங்கட சுவரிலயும் ஈரம் நிக்குதில்ல. ஆரைக் குடுப்பம்?"

அந்த நேரம் பார்த்துப் பத்றோன் உள்ளே வந்தார். இரண்டு பேரும் வெங்காயத்தைப் பார்த்தோம்.

கோட்டை ஒரே ஒரு தரம்தான் வீழ்ந்தது என்கிறார்கள். பல படைகள் சேர்ந்து வளைத்தன. மதில் அப்போதும் உடையவில்லை. உள்ளே தண்ணீர் கெட்டுப்போனது. தண்ணீர் இல்லாமல்தான் கதவைத் திறந்தார்களாம். இதைச் சொன்னபோது நண்பன் பகிடி விடவில்லை. நானும் விடவில்லை. சின்ன வயதில் எங்கள் பக்கத்திலும் தண்ணீர் இல்லாத நாட்கள் இருந்தன. அவன் அடுத்த வெங்காயத்தை எடுத்தான்.

"மறுகா?"

மறுகா என்றால் அவன் ஊரில் பிறகு. மறுகாதான் தாதியின் கதை. மேவாரின் தலைநகரம் வேறொரு கோட்டை. அங்கே ஒருவன் அரசனைக் கொன்றுவிட்டு, தொட்டிலில் இருந்த குட்டி இளவரசனையும் கொல்ல வாளோடு வருகிறான். இளவரசனை வளர்க்கிற தாதிக்குத் தகவல் வருகிறது. அவளுக்கும் அதே வயதில் ஒரு மகன். இளவரசனைப் பழக்கூடையில் போட்டு, மேலே இலையை மூடி வெளியே அனுப்புகிறாள். தொட்டிலில் தன் மகனைப் படுக்க வைக்கிறாள். வந்தவன் 'இளவரசன் எங்கே' என்று கேட்கிறான். அவள் தொட்டிலைக் காட்டுகிறாள்.

நண்பன் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினான். அவனுடைய மகன் மட்டக்களப்பில் இருக்கிறான், ஐந்து வயது, போனில்தான் பழக்கம்.

"அந்த மனிசி மறுகா எப்பிடி இருந்தவ?"

"அதைப் பற்றி ஒருத்தரும் வீடியோ போடேல்லை."

"நீ வடிவாத் தேடு."

தேடினேன். இளவரசனைப் பற்றித்தான் இருந்தது. கூடையோடு தாதி பல பிரபுக்களின் வீட்டுக்குப் போனாள். எல்லோரும் பயந்து கதவைச் சாத்தினார்கள். கடைசியில் கும்பல்கருக்குப் போனாள். அங்கே கோட்டை அதிகாரியும் முதலில் பயந்தார். அவருடைய தாய் அவரை ஏசி, பிள்ளையை மடியில் வாங்க வைத்தாள். ஆர் இந்தப் பிள்ளை என்று ஊர் கேட்டபோது, 'என் பெறாமகன்' என்று அதிகாரி சொன்னார். வருடக்கணக்காக இளவரசன் அதிகாரியின் பெறாமகனாகவே வளர்ந்தான்.

"பிடிபடேல்லையோ?"

"பிடிபட்டான். தயிராலை. அதிகாரியின்ரை தகப்பனுக்குத் திவசம். பெரிய பந்தி. பெடியன் ஆரோ ஒரு விருந்தாளியின்ரை கையிலையிருந்த தயிர்ச் சட்டியைப் பறிச்சுப்போட்டான். கெஞ்சியும் பார்த்திச்சினம், வெருட்டியும் பார்த்திச்சினம். குடுக்கேல்லை. உவன் அதிகாரி வீட்டுப் பிள்ளை இல்லை, உவனுக்குள்ளை அரசன் நிக்கிறானெண்டு சனத்துக்கு விளங்கிட்டுது. பேந்து பிரபுக்கள் வந்து பார்த்து அரசனாக்கிச்சினம்."

"தயிர்ச் சட்டியைப் பறிச்சா அரசனோ? அப்ப மட்டக்களப்பில முழுப்பேரும் அரசன்தான்."

ஞாயிறு வந்தது. நாற்பது பேரும் பன்னிரண்டரைக்கே வந்து, சால்வைகளைக் கழற்றி, ஒழுங்காக உட்கார்ந்தார்கள். பத்றோன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். சாப்பாடு பிழையில்லாமல் போனது. பிறகு அவர் ஒரு கரண்டியால் கிளாசைத் தட்டினார். நான் ஏழாம் மேசைக்கு முன்னால், கோட்டைக்குக் கீழே நின்றேன்.

என் பிரெஞ்சு அவ்வளவு நல்லதல்ல, ஆனால் ஓடும். மதிலைச் சொன்னேன், எட்டுக் குதிரையைச் சொன்னேன், துறவியைச் சொன்னேன். தாதியைச் சொன்னபோது ஒருவரும் கரண்டியை அசைக்கவில்லை. பத்றோன் எனக்குத் தூரத்திலிருந்து பெருவிரலைக் காட்டினார். தயிருக்கு வந்தேன். நடித்துக் காட்ட ஒரு மேசையிலிருந்து ரைத்தாக் கிண்ணத்தைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அப்போது நாலாம் மேசையிலிருந்து ஒரு வயதான மனிதர் கையைத் தூக்கினார்.

"மன்னிக்கவும், மறந்துவிடுவேன், அதுதான் இப்போதே கேட்கிறேன். நாங்கள் அங்கே போகும்போது உங்கள் அம்மாவைப் பார்க்க விரும்புகிறோம். எல்லோரும் சேர்ந்து ஒரு சின்னப் பொதி வாங்கியிருக்கிறோம்." மேசைக்குக் கீழேயிருந்து நாடா கட்டிய ஒரு பெட்டியை எடுத்தார். பிஸ்கட்டும், கம்பளித் துணியில் ஒரு சால்வையும். மலையில் குளிருமே என்று சால்வையாம். "மூன்றாவது சன்னல் என்று போன மாதம் இங்கே சாப்பிட வந்தபோது சொன்னீர்கள். எந்த வாசலால் ஏறினால் கிட்ட?"

நான் ரைத்தாவோடு நின்றேன்.

பத்றோன் கண்ணாலேயே 'ஏதாவதொரு வாசலைச் சொல்லு' என்றார். சொல்லியிருக்கலாம். அந்தக் கோட்டைக்கு ஏழு வாசல் என்று வீடியோவில் பார்த்திருந்தேன், ஏதாவதொன்று பொருந்தியிருக்கும். ஆனால் அந்த மனிதருக்கு முழங்காலில் வலி. வரும்போதே தடியோடுதான் வந்தார். அவர் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறி, ஒவ்வொரு சன்னலாக என் அம்மாவைத் தேடுவது என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. மற்றதெல்லாம் எனக்குப் பகிடி. இது பகிடியாக வரவில்லை.

"அம்மா அங்கே இல்லை" என்றேன். "அம்மா முல்லைத்தீவில். இலங்கையில். நான் அந்தக் கோட்டைக்குப் போனதே இல்லை. இந்தியாவில் எனக்குத் தெரிந்த இடம் சென்னை விமான நிலையம் மட்டும். அங்கேயும் வெளியே விடவில்லை."

பத்றோன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

ஏழாம் மேசையிலிருந்து செம்மஞ்சள் சால்வை அம்மா சொன்னார்: "எனக்குத் தெரியும்."

"எப்போதிலிருந்து?" என்றேன்.

"முதல் நாளிலிருந்து. இது கும்பல்கர் இல்லை. அங்கே நான் ஒருமுறை போயிருக்கிறேன். இது வேறு ஊர்க் கோட்டை. அன்னமும் அந்தப் பக்கத்து அன்னம் இல்லை." ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை குசினிக் கதவு திறந்திருந்தது. நீங்கள் நின்றபடி வெள்ளையாக, உதிரியாக ஒன்றை மீன்குழம்பில் குழைத்துக் கையால் சாப்பிட்டீர்கள். மிகவும் மகிழ்ச்சியாகச் சாப்பிட்டீர்கள். அந்த மலையில் யாரும் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை."

இளவரசனைத் தயிர் காட்டிக்கொடுத்தது. என்னைப் புட்டு.

"பிறகு ஏன் ஒன்றும் சொல்லவில்லை?"

"இந்தப் பாதம் யாருடையது என்று என்றைக்காவது உண்மையைச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்."

சொன்னேன். சாமத்தியவீடு என்றால் என்ன, மண்டபம், பனர், ஓல்னே-சூ-புவாப் பிள்ளை, அச்சுக்கடைக்காரர், எல்லாம் சொன்னேன். நாற்பது பேரும் எழுந்து வந்து, மேசையை இழுத்துவிட்டு, பாதத்தைக் குனிந்து பார்த்தார்கள். நிறையப் பேர் படமெடுத்தார்கள். கோட்டையை ஒருவரும் எடுக்கவில்லை.

"இனி அந்தக் கிண்ணத்தைக் கீழே வையுங்கள்" என்றார் அந்த அம்மா. "வைப்பதற்கு முன் சொல்லுங்கள். தயிரைப் பிடித்த பையனுக்கு என்ன ஆனது?"

அரசனானான் என்று சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள். நாலாம் மேசை மனிதர் பெட்டியின் சீட்டில் எழுதியிருந்த கும்பல்கரை வெட்டிவிட்டு, முல்லைத்தீவு என்று எப்படி எழுதுவது என்று ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டார். தபாலில் போடுவாராம். சால்வை வேண்டாம், அங்கே வெயில் என்றேன். அனுப்பித்தான் தீருவேன் என்றார்.

கடைசி ஆளும் போன பிறகு பத்றோன் கதவைச் சாத்தினார்.

"நாப்பது பேருக்கு முன்னாலை என்னைப் பேயனாக்கிப்போட்டாய்."

"அவைக்கு முதலே தெரியுமண்ணை."

"அவவுக்குத்தான் தெரியும். மிச்ச முப்பத்தொன்பது பேருக்கும் நீயெல்லோ சொன்னனி! நாளையிலையிருந்து வராதை. மாதக் கடைசி வரைக்கும் லீவு எண்டு போடுறன். பேந்து உன்ரை பாடு."

திங்கட்கிழமை வீட்டில் இருந்தேன். சார்செலில் பகலில் வீட்டில் இருந்து பழக்கமில்லை. பக்கத்து வீட்டு நாய் என்னைக் கள்ளன் என்று நினைத்துக் குரைத்தது. பிரிபெக்சருக்குக் கொண்டுபோக வேண்டிய பேப்பர்களை மேசையில் பரப்பினேன். எல்லாம் இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்கு இடம் விட்டு அடுக்கினேன்.

செவ்வாய் மத்தியானம் நண்பன் குசினியிலிருந்து போன் எடுத்தான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"மச்சான், அண்ணன்ட மகன் நேற்றே வந்திட்டான். புது வெள்ளைச் சேட்டுப் போட்டிருக்கான். நல்ல பெடியன், பாவம், மெனுவைப் பாடமாக்கிக்கொண்டு வந்தவன். இண்டைக்கு உன்ட செம்மஞ்சள் சால்வை வந்திட்டா. இவன் பாலக் பனீரைக் கொண்டுபோய் வைக்கிறான். அவ, மற்ற இளைஞன் எங்க எண்டு கேக்கிறா. பத்றோன் ஓடிப்போய் நிக்கிறார். அவ கேக்கிறா, உண்மையைச் சொன்னதுக்காக அவனை நிப்பாட்டிப்போட்டீங்களோ எண்டு. பயணம் முடிஞ்சு வந்து இஞ்ச படம் காட்டுற விருந்து வைக்கப்போறமாம், அவன் இல்லாட்டி வேற இடம் பாப்பமாம்."

"அண்ணை என்ன சொன்னவர்?"

"கேளன். நெஞ்சில கைய வைச்சுச் சொல்லுறார், 'மதாம், நிப்பாட்டுறதோ? அவன் என்ட பெறாமகன்!' எண்டு."

"மற்றவன் எங்கை நிண்டவன்?"

"பக்கத்திலதான். தட்டோட. அவ இவனைக் காட்டி, அப்ப இவர் ஆர் எண்டு கேக்க, பத்றோன் சொல்லுறார், 'இவர் ரெண்டு நாளைக்கு உதவிக்கு வந்தவர்.'"

போனை வைத்து ஐந்து நிமிடத்தில் பத்றோன் எடுத்தார்.

"எங்கையடா நிக்கிறாய்?"

"வீட்டிலை அண்ணை. லீவு."

"லீவும் மண்ணாங்கட்டியும். வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு கெதியா வா. ஆரும் கேட்டா நீ என்ரை பெறாமகன்."

"அப்ப உங்களைச் சித்தப்பா எண்டு கூப்பிடோணுமோ?"

"செருப்பாலை அடிப்பன். வா."

"வாறன் சித்தப்பா. ஆனா பெறாமகனுக்கே சேடேஈ இல்லையெண்டு அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா?"

மறுபக்கத்தில் கண்ணாடி அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பேப்பர்கள் அங்கேதான் இருக்கும், வைன் போத்தல்களுக்குப் பின்னால்.

லாச்சப்பல் மெத்ரோப் படியில் இறங்கும்போது, புது வெள்ளைச் சேட்டோடு ஒரு பெடியன் எதிரே ஏறி வந்தான். அவன் கையில் ஒரு பை. நான் விலகி வழி விட்டேன். அவன், "நன்றியண்ணை" என்றான்.

ஒப்பந்தத்தை ஏழாம் மேசையில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டோம். பேனாவை, போகாமல் காத்திருந்த செம்மஞ்சள் சால்வை அம்மாதான் தந்தார். பிரிபெக்சரில் விசாவைப் புதுப்பித்துத் தந்தார்கள். நாற்பது பேரும் போய்வந்து, விருந்து வைத்து, உண்மையான கும்பல்கரின் பெரிய படம் ஒன்றைப் பரிசாகத் தந்தார்கள். மதில் மலைமேல் பாம்பு மாதிரி நெளிந்து போகிறது. நான் சொன்னதைவிடக் கொஞ்சம் நீளம்தான். சுவர் ஈரம் என்பதால் பத்றோன் அதைக் குளிர்பெட்டிக்கு மேலே மாட்டினார். ஏழாம் மேசைக்குப் பின்னால் பழைய கோட்டையே இருக்கிறது, பாதத்தோடு. அம்மாவுக்குச் சால்வை போய்ச் சேர்ந்தது. அந்த வெயிலில் அதை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறா.

இப்போது யாராவது கேட்டால் முல்லைத்தீவு என்றே சொல்கிறேன். அங்கே கோட்டை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருந்தது, ஒல்லாந்தர் கட்டினார்கள் என்கிறேன். அது உண்மை. ஒருவரும் நம்புவதில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்து, குசினியிலிருந்த நண்பனுக்குப் போனில் அனுப்பினேன். கோட்டை சரியான உயரத்தில் நிற்கிறதா என்று கேட்டேன். இரண்டு நாளாகப் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது:

"கோட்டை சரி மச்சான், உண்மையான பெறாமகனுக்கு இப்ப எங்க வேலை?"